ஏற்றிய கண்ணாடி: இந்தியக் காருக்குள் ஓசை கடந்து வந்த பாதை

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கட்டப்பட்ட விலையுயர்ந்த கார்களின் ஒளிப்படங்கள் பலவற்றில் ஓர் அமைப்பு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பின்னிருக்கையைச் சுற்றி மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன மூடிய அறை இருக்கும். முன்னிருக்கையில் ஓட்டுநர் வெட்டவெளியில் அமர்ந்திருப்பார். இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உரிமையாளர் ஓட்டுநரிடம் ஏதேனும் சொல்ல விரும்பினால் பேசுகுழாயின் வழியே சொல்லவேண்டும். குதிரைவண்டிக் காலத்து வழக்கம் இயந்திர வண்டியிலும் தொடர்ந்ததன் விளைவு இது. வெயிலும் மழையும் போலவே காற்றும் அதன் இரைச்சலும் ஓட்டுநரின் பங்காயின. அமைதி உரிமையாளரின் பங்காயிற்று. காரின் ஒலித்தரம் என்று இன்றைய பொறியாளர்கள் பேசும் பொருளின் வரலாற்றை அந்தத் தடுப்பிலிருந்து தொடங்குவதே முறை. இந்தியாவைப் பொறுத்தவரை அது இடம் மாறியிருக்கிறதே தவிர, மறைந்துவிடவில்லை.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1907-இல் பெரும் விளம்பரத்துடன் ஓட்டிக்காட்டிய வண்டிக்குச் 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர். ஆவியைப்போல் ஓசையின்றி வரும் என்பது அப்பெயரின் குறிப்பு. அடுத்த ஆண்டே அதே வகைக் கார் ஒன்று 'பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்' என்னும் பெயரோடு பம்பாயில் இறங்கி, மலைச்சாலைகளில் சோதிக்கப்பட்டு, குவாலியர் மன்னரின் கைக்குப் போனது. சமஸ்தானங்களின் முற்றங்களில் அவ்வகை வண்டிகள் பெருகிய கதை பலரும் எழுதியது; இங்கு விரிக்கத் தேவையில்லை. கருதத்தக்கது ஒன்றே. அன்று 'அமைதி' என்று போற்றப்பட்டது இயந்திரத்தின் அமைதி. பல்சக்கரங்களின் உராய்வு, வால்வுகளின் தட்டல், புகைபோக்கியின் வெடிப்பு ஆகியவை குறைந்திருந்தால் வண்டி அமைதியானதாகக் கொள்ளப்பட்டது. காற்றைப் பற்றிய பேச்சு அரிது. அன்றைய சாலைகளில் எட்டக்கூடிய வேகத்தில், மற்ற ஓசைகளுக்கு நடுவே, காற்று தனித்துக் கேட்கவில்லை என்பதே காரணம்.

அமைதியை யாவரும் நாடினர் என்றும் சொல்வதற்கில்லை. 1910-இல் கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மேத்யூசன் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரத்து புரூக் நிறுவனத்திடம் அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்வித்தார். புகைவளியின் விசையால் ஒலிக்கும் எட்டு ஆர்கன் குழல்கள் அதில் பொருத்தப்பட்டிருந்தன. விசைப்பலகையைக் கொண்டு அவற்றை வாசிக்கலாம். கல்கத்தாத் தெருக்களில் அது உண்டாக்கிய கலவரத்தால் காவல்துறை தலையிட்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் நாபா மன்னர் அதை வாங்கினார். இன்று நெதர்லாந்தின் லவ்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியச் சாலையில் உள்ளே இருப்பவரின் அமைதிக்கும் வெளியே இருப்பவரின் செவிக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே எத்தகையது என்பதற்கு அந்த அன்னத்தைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

காரின் உட்புறம் எல்லோருக்கும் மூடிய அறையாக மாறியது 1920களில், அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்பிரட் ஸ்லோன் தம் நினைவுநூலில் தரும் கணக்கின்படி, அந்நாட்டுக் கார் விற்பனையில் மூடிய உடல் கொண்டவற்றின் பங்கு 1924-இல் 43 விழுக்காடு, 1926-இல் 72, 1927-இல் 85. மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் கேட்பின் வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம். ஏனெனில் மூடிய பெட்டி ஓசையை வெளியே நிறுத்தியதோடு உள்ளே புதிய ஓசையையும் பிறப்பித்தது. மெல்லிய உலோகத் தகடுகள் முரசுத்தோலைப்போல் அதிர்ந்தன. 1935-இல் கூரையும் முழுவதும் எஃகானபோது அவ்வதிர்வு இன்னும் பெரிதாயிற்று. கம்பளித்துணியும் தார் பூசிய அட்டையும் தகடுகளின் பின்னே ஒட்டப்பட்டது அதை அடக்கத்தான். காரின் உட்புறம் ஓய்வுக்குரிய இடமாக, ஒலியால் நெய்த ஒரு கூட்டைப்போல ஆன கதையைக் காரின் பைஸ்டர்வெல்டும் அவருடன் பணியாற்றிய மூவரும் 2014-இல் வெளிவந்த 'சவுண்ட் அண்ட் சேஃப்' நூலில் ஐரோப்பியச் சான்றுகளைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார்கள். சிறந்த நூல். ஆயினும் அதன் பயணி பெரும்பாலும் தம் வண்டியைத் தாமே ஓட்டுபவர். அவருடைய கண்ணாடி குளிர்நாட்டுக் கண்ணாடி, எப்போதும் ஏற்றியே இருப்பது. இந்தியாவுக்கு அந்தச் சட்டகத்தை அப்படியே பொருத்த இயலாது.

விளம்பர உலகின் ஒரு புகழ்பெற்ற வாசகத்தை இங்கு நினைவுகூரலாம். மணிக்கு 60 மைல் வேகத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் காருக்குள் கேட்கும் ஓசைகளில் மின்கடிகாரத்தின் ஓசையே பெரிது என்னும் பொருள்பட டேவிட் ஓகில்வி 1958-இல் தலைப்பிட்டார். கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1933-இல், பியர்ஸ்-ஆரோ காருக்கான விளம்பரம் ஏறத்தாழ இதே கருத்தைச் சொல்லியிருந்தது. கடிகார ஓசை கேட்பது எதனால்? அதை மறைக்கக்கூடிய ஓசைகள் தாழ்ந்துவிட்டதால். செவியின் இயல்பு இது. பேரோசை ஒன்று அதே அதிர்வெண் எல்லையில் உள்ள சிற்றோசையை இல்லாததாக்கிவிடும். ஒலியியலார் இதை மறைப்பு என்பர். காருக்குள் ஓசையின் வரலாறு பெருமளவு இம்மறைப்பு விலகியதன் வரலாறுதான். இயந்திரம் அடங்கியதும் சக்கரம் கேட்டது. சக்கரம் அடங்கியதும் காற்று கேட்டது. காற்றும் அடங்கினால் இருக்கையின் தோல் கிறீச்சிடுவது கேட்கும்.

காற்று ஏன் ஒலிக்கிறது என்பதற்குச் சிறு விளக்கம் தேவை. கம்பியின்மேல் வீசும் காற்று எழுப்பும் தொனியின் அதிர்வெண் காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிப்பையும் சார்ந்தது என்று 1878-இல் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் நிறுவினார். கொந்தளிக்கும் காற்றோட்டமே ஒலிமூலமாகும் முறையை 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் கணிதத்தில் வடித்தார். அருகே திண்பரப்பு இருந்தால் என்ன நிகழும் என்பதை 1955-இல் கர்ல் சேர்த்தார். காருக்குப் பொருந்துவது பின்னதே. முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களில் மோதித் திரும்பும் காற்று அங்கே சுழல்களாகப் பிரிந்து பக்கக் கண்ணாடியின்மேல் உருள்கிறது. அச்சுழல்களின் அழுத்த ஏற்றஇறக்கத்திலிருந்து எழும் ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளரும். 50 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகம் இரட்டித்தால் 18 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினால் உரப்பு இருமடங்காகச் செவிக்குத் தோன்றும் என்ற பொதுவிதிப்படி இது மூன்றரை மடங்கு. சக்கரத்தின் ஓசை இவ்வளவு விரைவாக வளர்வதில்லை. எனவேதான் நகரத்தெருவில் இல்லாதிருந்த காற்று, 100 கிலோமீட்டரைத் தாண்டியதும் மற்ற எல்லாவற்றின்மேலும் ஏறி அமர்கிறது. கதவின் ரப்பர்ப் பட்டையில் விரலளவு இடைவெளி இருந்தால் வேறொரு வகை ஓசை சேரும்: சீழ்க்கை. வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து குழலிசை எழுப்புவதைக் கபிலர் அகநானூற்றில் பாடியிருக்கிறார். பணிமனையில் அதே நிகழ்வு புகார்ப் பதிவேட்டில் ஏறுகிறது.

இனி இந்தியக் கார். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உற்பத்தியாகத் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது வரை வடிவத்தில் பெரிய மாற்றம் காணவில்லை. காற்றொலிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியருக்கு அதைப்போன்ற கருவி கிடையாது. கூரையோரம் முழுதும் ஓடிய மழைநீர் வரம்பு, தூணுக்கு வெளியே புடைத்த கண்ணாடிச் சட்டம், முன்கதவின் முனையில் தனியே திறக்கும் முக்கோணச் சிறுகண்ணாடி எனக் காற்றைப் பிரித்துச் சுழலவிடக்கூடிய உறுப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. அந்த முக்கோணக் கண்ணாடி சுவையான பொருள். அதைக் கொஞ்சம் திருகித் திறந்தால் வெளிக்காற்று மார்பின்மேல் வந்து விழும். கோடையில் முன்னிருக்கையாளரின் ஒரே ஆறுதல் அதுவே. மேலைநாடுகளில் அதன் அழிவு 1964-இல் ஃபோர்டு கார்ட்டினா காரில் வந்த ஏரோஃப்ளோ ஏற்பாட்டோடு தொடங்கியது எனலாம். காற்றை முகப்புப் பலகையின் துளைகள் வழியே உள்ளே எடுத்துப் பின்புறமாக வெளியேற்றிய அம்முறையால், கண்ணாடியைத் திறக்காமலே மூச்சுவிட முடிந்தது. 1982-இல் வந்த ஆடி 100 பக்கக் கண்ணாடிகளை உடலோடு சமதளமாக்கி, காற்றெதிர்ப்புக் கெழுவை 0.30 ஆகக் குறைத்தது. எரிபொருளுக்காகச் செய்யப்பட்ட அந்த மழமழப்பு, வண்டியின் வடிவமைப்பில் இனி ஓசையும் ஒரு கணக்காக வேண்டும் என்பதை உறுதிசெய்தது. உத்தரபாராவில் முக்கோணக் கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது.

அம்பாசிடர் இரைச்சலான கார் என்று இன்று எழுதுவோர் ஒன்றை மறக்கிறார்கள். அதன் நான்கு கண்ணாடிகளும் பெரும்பாலும் இறக்கியே இருந்தன. கண்ணாடி இறக்கிய காரில் 'உட்புற ஓசை' என்று தனியே ஒன்று இல்லை. மாட்டுவண்டிச் சலங்கை, எதிர்லாரியின் மூச்சு, சாலையோரத் தேநீர்க்கடையின் வானொலி, ஈரத்தாரில் சக்கரம் உரசுவது எல்லாம் பயணியின் செவிக்கு உரியவை. நவீன காரில் ஒரு பின்கண்ணாடியை மட்டும் இறக்கினால் செவியில் 'தும்தும்' என்று ஓர் அழுத்தம் துடிக்கும். வாய்குறுகிய குடத்தின் விளிம்பில் ஊதுவதைப்போல, காரின் உட்காற்று முழுவதும் விநாடிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 முறை ஒத்ததிர்வதால் வருவது அது. நான்கும் இறக்கிய காரில் அத்துடிப்பு பெரும்பாலும் எழுவதில்லை. அடைப்பில் பிறக்கும் ஓசைகள் திறப்பில் பிறப்பதில்லை என்ற எளிய உண்மையை அம்பாசிடர் பயணிகள் அறியாமலே அனுபவித்தனர்.

ஓட்டுநரோ அந்தத் திறப்பைக் கொண்டு வேலை செய்தார். இயந்திரத்தின் சுருதியைக் கேட்டு கியர் மாற்றினார். டிஃபரன்ஷியலின் முனகல், பேரிங்கின் உறுமல், டாப்பெட்டின் தட்டல் என்று பெயரிட்டு நோயறிந்தார். வண்டியின் நோயைச் செவியால் அறியும் உரிமை யாருக்கு என்பதில் ஓட்டுநர்களுக்கும் பழுதுநீக்குநர்களுக்கும் இடையே ஜெர்மனியில் எழுந்த போட்டியை ஸ்டெஃபான் கிரெப்ஸ் ஆராய்ந்திருக்கிறார். இந்தியாவில் ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒரே மொழியைப் பேசினர். பல வேளைகளில் ஒரே ஆளாகவும் இருந்தனர். அச்செவிப்புலமை எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அது தொழிற்கல்வி நூலில் இடம்பெறாத கல்வி; வாய்மொழி வரலாற்றாளர்கள் விரைந்து செல்லவேண்டிய இடம்.

லாரிகளின் பின்புறத்து 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்ற தொடரையும் இந்தக் கேட்பு ஒழுங்கில் வைத்துப் படிக்கவேண்டும். அத்தொடரின் தோற்றம் பற்றிய கதைகள் பல. நம்பத்தக்கது எதுவும் இல்லை. பயன் மட்டும் தெளிவானது. குறுகிய ஒருவழிப் பரப்பில் சுமையேற்றிய லாரியின் ஓட்டுநரால் பின்னால் வருபவரைக் காண முடிவதில்லை, கேட்க முடிந்தது. முந்த விரும்புபவர் ஒலிக்கவேண்டும், முன்னிருப்பவர் கேட்டுக் கையசைத்து வழிவிடவேண்டும். இருவர் கண்ணாடியும் இறங்கியிருக்கும் என்பது அவ்வேண்டுகோளின் சொல்லப்படாத நிபந்தனை. மகாராஷ்டிர அரசு 2015-இல் வணிக வாகனங்களில் அத்தொடரை எழுதத் தடைவிதித்தபோது, வீணான ஹாரன் ஒலியை அது தூண்டுகிறது என்று காரணம் கூறியது. நிபந்தனை பொய்த்துப்போன பின்பும் வேண்டுகோள் மட்டும் நின்றுவிட்டது என்றும் அதைச் சொல்லலாம்.

அந்நிபந்தனையைப் பொய்யாக்கியது குளிர்சாதனம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி குர்கானில் ஒப்படைக்கப்பட்டதை இந்தியக் காரின் புதுயுகமாகக் கொள்வது வழக்கம். கேட்பின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, அடுத்த இருபதாண்டுகளில் ஏசி ஆடம்பரத்திலிருந்து இயல்பான உறுப்பாக மாறியது. 1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானதும் அயல்நாட்டு நிறுவனங்கள் வந்தன. தூசியும் புகையும் நிறைந்த நகரத்தில் கண்ணாடி ஏறியது. குளிர்ந்த காற்று கசியாதிருக்க ரப்பர்ப் பட்டைகள் இறுகவேண்டும். இறுகிய பட்டை ஓசையையும் தடுத்தது. ஐரோப்பாவில் அமைதிக்காகக் கார் அடைக்கப்பட்டது என்றால், இந்தியக் காருக்குள் அமைதி குளிரின் துணைவிளைவாகவே வந்து சேர்ந்தது. காற்றாடியின் இரைச்சல் அதற்கு ஈடாக உள்ளே புகுந்தது என்பது வேறு: வெளிக்காற்றைத் தடுத்துவிட்டு உள்ளே ஒரு செயற்கைக் காற்றை ஓடவிடுகிறோம், அதுவும் ஒலிக்கிறது.

வாடகைக் காரில் 'ஏசி போடவா?' என்று ஓட்டுநர் கேட்கும் கேள்வி எரிபொருளைப் பற்றியது. பதிலைப் பொறுத்தே அந்தப் பயணத்தின் ஒலிவெளியும் அமைகிறது. மூடினால், பின்னிருக்கையின் தொலைபேசிப் பேச்சு முழுவதும் ஓட்டுநரின் செவிக்கு வரும். பழைய தடுப்புக் கண்ணாடி இப்போது இருவருக்கும் இடையே இல்லை. இருவரையும் ஒருசேர வைத்துத் தெருவிலிருந்து பிரிக்கிறது. குடும்பச் சண்டை, கடன், நோய், வணிகம் ஆகிய அனைத்தும் இவ்வாறு கேட்டும் கேளாதவராக இருக்கவேண்டிய ஒருவரின் முன்னிலையில் பேசப்படுகின்றன. கேளாதிருத்தல் என்பதே ஒரு தொழில்திறனாகிவிட்டது.

காற்றிரைச்சல் என்னும் தனி ஓசை இந்தியாவுக்கு உண்மையில் வந்தது சாலையோடுதான். ஆறாம் அடுக்கு விதி 50 கிலோமீட்டரில் ஒருவரையும் துன்புறுத்தாது. 1999-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை 5,846 கிலோமீட்டரில் இணைத்த தங்க நாற்கரம், 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புணே விரைவுச்சாலை, 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை ஆகியவற்றில்தான் நடுத்தர வகுப்பினர் தொடர்ச்சியாக 100 கிலோமீட்டர் வேகத்தைச் செவியால் அறிந்தனர். 2018 ஏப்ரலில் மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களுக்கான உச்சவேகத்தை 120 கிலோமீட்டராக உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்துச் செய்தது. 100-க்கும் 120-க்கும் இடையே காற்றின் கணக்கில் வேறுபாடு ஏறக்குறைய 5 டெசிபல். அக்கணக்கு நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி அன்று. எனினும் அதற்குத் தொடர்பு உண்டு என்பது பின்னர்த் தெரியவரும்.

இதற்கிடையே அளவையியலும் மாறியிருந்தது. டெசிபல் எண் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை தளர்ந்து, செவி எதை எப்படி உணர்கிறது என்ற கேள்வி முன்னே வந்தது. உரப்பைக் கணக்கிடும் முறையை எபர்ஹார்ட் ஸ்விக்கர் உருவாக்கினார். காருக்குள் காற்றிரைச்சலை மதிப்பிட இன்றும் பயன்படும் பேச்சுத்தெளிவுக் குறியீடோ காருக்காகப் பிறந்ததன்று. பெல் ஆய்வகத்தின் பிரெஞ்சும் ஸ்டைன்பெர்க்கும் 1947-இல் தொலைபேசிக்காக வகுத்தது அது. இரைச்சலுக்கு நடுவே எத்தனை விழுக்காடு பேச்சுக்கூறுகள் செவியை எட்டும் என்று அது சொல்லும். மெய்யொலிகளின் கூர்மை தங்கியிருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதிக்கு அதில் எடை மிகுதி. தற்செயலாக, 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடி ஒலியைத் தடுப்பதில் சறுக்குவதும் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் அருகில்தான். இரு கண்ணாடிகளுக்கு இடையே ஒலியை விழுங்கும் மென்படலம் வைத்துச் செய்யும் கண்ணாடி விலையுயர்ந்த கார்களில் வருவதன் காரணம் இதுவே. பேசும் குரல் எங்கே வாழ்கிறதோ அங்கேயே காற்று உள்ளே வருகிறது.

இங்கு ஓர் ஐயத்தை எழுப்பாமல் போக முடியாது. அக்குறியீட்டின் எடைகள் அமெரிக்க ஆங்கிலப் பேச்சைக் கொண்டு அமைக்கப்பட்டவை. மூச்சொலி மெய்களையும் மூச்சிலா மெய்களையும் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தும் இந்தி, மூவகை லகர ளகர ழகரங்களைக் கொண்ட தமிழ், தொனியால் பொருள் மாறும் பஞ்சாபி ஆகியவை பேசப்படும் காரில் அவ்வெண் எதை அளக்கிறது? ஒலியியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் சந்தித்துக்கொள்ளாத பல்கலைக்கழகங்களுக்கு இது நல்ல ஆய்வுப்பொருள்.

காரின் எடையும் ஒரு தடை. ஒலித்தடுப்பின் முதல் விதி நிறை. தகட்டின் நிறையை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் சிறிய இயந்திரமும் கொண்ட கார்களுக்கு 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கலால் வரியைக் குறைத்தது. மெல்லிய, இலேசான, எரிபொருள் சிக்கனமான கார் இந்தியாவின் பொதுவடிவம் ஆயிற்று. அத்தகைய வண்டியில் அமைதியைக் கிலோ கணக்கில் வாங்க முடியாது. பட்டையிலும் பஞ்சிலும் வடிவத்திலும் தேடவேண்டும். முடியாத இடத்தில் ஒலிபெருக்கியைக் கூட்டவேண்டும்: வேகம் கூடக்கூடப் பாட்டின் உரப்பைத் தானாகக் கூட்டும் ஏற்பாடு, மறைப்பின் விதியைத் திருப்பிப் பயன்படுத்துவதன்றி வேறில்லை. காற்றைக் குறைக்க இயலாதபோது அதைப் பாட்டால் மறைக்கிறார்கள். பாட்டின் மெல்லிய பகுதிகள் அதனால் திரும்பி வருவதில்லை. ஆலாபனை கேட்பவர் இதை அறிவார்.

வெளியே என்ன நடந்தது? ஏற்றிய கண்ணாடி ஹாரனையும் மங்கச் செய்தது. மங்கியதைக் கேட்கச் செய்ய மேலும் பலமாக, மேலும் நீளமாக ஒலிக்கவேண்டியதாயிற்று. உள்ளே பாட்டு, தொலைபேசி, காற்றாடி. வெளியே ஹாரன் மேல் ஹாரன். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி பல சுருதிகளை மாற்றிமாற்றி எழுப்பும் ஹாரன்களைத் தடை செய்கிறது. 2005 ஜூலை 18 அன்று ஆர்.சி. லஹோட்டி, அசோக் பான் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, அமைதியாக வாழ்வதை அரசமைப்பின் 21-ஆம் உறுப்போடு இணைத்து, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை ஹாரன் ஒலிப்பதற்குத் தடை விதித்தது. தீர்ப்பு ஒலிப்பவரின் பொறுப்பைப் பேசியது. கேட்க வேண்டியவர் கேளாதபடி தம்மை அடைத்துக்கொண்டதைப் பேசவில்லை. அன்று அது இவ்வளவு முதிர்ந்திருக்கவுமில்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். அவற்றில் செல்வோருக்கும், போக்குவரத்துக் காவலருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், சன்னலில்லா நகரப் பேருந்தின் பயணிக்கும் ஏற்றுவதற்குக் கண்ணாடி இல்லை. 1910-இன் ஓட்டுநர் அமர்ந்திருந்த வெட்டவெளியில் இன்று அமர்ந்திருப்பவர்கள் இவர்கள்.

உள்ளே இருப்பவருக்கும் அமைதி முழு நன்மை அன்று. ஓசை ஒரு வேகமானி. செவியை மறைத்துவிட்டால் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதை 1970-இல் லெனர்டு எவன்ஸ் சோதனையால் காட்டினார். காருக்குள் ஓசையை 5 டெசிபல் மட்டும் குறைத்தாலே அதே வேகம் மெதுவாகத் தோன்றுகிறது என்று 2008-இல் ஹார்ஸ்வில்லும் ப்ளூயியும் ஆஸ்திரேலியாவில் கண்டனர். 100-க்கும் 120-க்கும் இடையே உள்ள காற்றொலி வேறுபாடும் ஏறக்குறைய அதே அளவுதான். நன்கு அடைக்கப்பட்ட காரில் 120-இல் செல்பவர், செவியின் சாட்சியத்தின்படி, பழைய காரில் 100-இல் சென்றுகொண்டிருக்கிறார். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு மிகைவேகமே காரணமென அரசு அறிக்கை பதிகிறது. காவல்நிலையப் படிவத்தில் மிகைவேகம் என்னும் கட்டம் எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் கூடை என்பதை அறிந்தவர்கள் அந்த விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அமைதியான கார் உயிர்களைப் பறிக்கிறது என்று கூறவும் இச்சான்று போதாது. ஆயினும் வேகம் குறித்த வழக்குகளிலும் கொள்கைகளிலும் சாலையின் வளைவு, சக்கரத்தின் தரம், பிரேக்கின் திறன் ஆகியவற்றோடு உட்புற அமைதியும் ஒரு காரணியாக எண்ணப்படவேண்டும் என்று கோருவதற்குப் போதும்.

மின்கார் இந்த வரலாற்றை மறுபடியும் கலைக்கிறது. இயந்திரம் என்னும் பழைய திரை விலகிவிட்டதால் காற்றும் சக்கரமும் முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே கேட்கத் தொடங்குகின்றன. உள்ளே இருப்பவர் பழைய காரில் கேளாத சீழ்க்கையைப் புதுக்காரில் கேட்டுப் பணிமனைக்கு வருகிறார். வெளியே நிலைமை எதிரானது: மெதுவாக வரும் மின்கார் பாதசாரிக்கும் பார்வையற்றவருக்கும் கேட்பதில்லை. ஆகவே ஐக்கிய நாடுகள் அவையின் 138-ஆம் வாகன ஒழுங்குமுறை, வெளியே ஒரு செயற்கை ஓசையை எழுப்பவேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்கார்களுக்கும் அது கட்டாயம். அந்த ஓசை மணிக்கு 20 கிலோமீட்டர் வரை ஒலித்தால் போதும். அதற்குமேல் சக்கரத்தின் ஓசை போதுமானது என்பது விதியின் கணக்கு. காற்று வந்து சேர்வதற்கு இன்னும் வெகுதொலைவு வேகம் வேண்டும்.